கட்டிப்போட்ட நாய்கள்

2024ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் தேதி, கனடாவின் கியூபெக் மாநிலத்து வடகோடியில், கங்கிக்சுயுவாக் என்ற சிற்றூரில் ஒரு கூட்டம் நடந்தது. அங்கே வாழ்பவர்கள் இனுயிட் மக்கள். தெற்கிலிருந்து அந்த ஊருக்குச் சாலை கிடையாது. மத்திய அரசின் சார்பில் வந்திருந்த அமைச்சர் எழுந்து, 1950களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் கடைசிவரை நுனாவிக் என்னும் அந்த வட்டாரத்தில் இனுயிட் மக்களின் பனிச்சறுக்கு வண்டி நாய்கள் கொல்லப்பட்டதில் கனடிய அரசுக்கு இருந்த பங்குக்காக மன்னிப்புக் கேட்டார். 4.5 கோடி கனடிய டாலர் இழப்பீடும் அறிவிக்கப்பட்டது. அமைச்சரின் பெயர் கரி ஆனந்தசங்கரி.

தமிழர் விடுதலைக் கூட்டணியின் வீ. ஆனந்தசங்கரியின் மகன் அவர். 1983இல், சிறுவனாக, கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தவர். 2015 முதல் ஸ்கார்பரோ வட்டாரத்தின் நாடாளுமன்ற உறுப்பினர். பழங்குடியினர் உறவுகளுக்கான அமைச்சர் என்ற முறையில் அன்று அங்கே நின்றார். "நம்ம ஆளு ஒருத்தரு அங்க மந்திரியா நின்னு பேசுறாரு பாருங்க" என்று நண்பர் ஒருவர் அந்தச் செய்தியை எனக்கு அனுப்பியிருந்தார். என் மனம் போனதோ வேறு பக்கம். நாய்களுக்காக ஓர் அரசாங்கம் மன்னிப்புக் கேட்குமா?

நாய் என்ற சொல்லையே வசவாக வைத்திருக்கும் நமக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் வேடிக்கையாகக்கூட இருக்கலாம். ஆனால் லாபிஸ் போன்ற ஓர் ஊரில், ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஒரு சமூகத்தை ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறிடத்தில் குடிவைக்கும்போது அதன் நாய்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்தால், அந்தச் சமூகத்துக்கு என்ன நடந்தது என்பது தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது அவ்வளவுதான். அதற்கு முதலில் பனிநாட்டு நாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வண்டியும் நாயும்

சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் ஸோகோவ் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே கிடைத்த நாய் எலும்புகளும் வண்டியின் பாகங்களும் சுமார் 9,500 ஆண்டுகள் பழமையானவை. 2020இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இன்றைய கிரீன்லாந்து நாய்களுக்கும் அந்தத் தீவின் நாய்க்கும் நெருங்கிய உறவு இருப்பதாகக் காட்டியது. சக்கரம் பிறப்பதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதன் நாயை வண்டியில் பூட்டிவிட்டான். மாட்டு வண்டிக்கும் குதிரை வண்டிக்கும் மூத்தது நாய் வண்டி.

இன்றைய இனுயிட் மக்களின் முன்னோரைத் தூலே மக்கள் என்று ஆய்வாளர்கள் அழைக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அலாஸ்காவிலிருந்து கிழக்கே புறப்பட்ட அவர்கள், கனடாவின் வடகரை முழுவதும் கடந்து கிரீன்லாந்து வரை பரவினார்கள். மரம் முளைக்காத, ஆண்டில் பாதிக்கு மேல் கடலே உறைந்து கிடக்கும் நிலத்தில் இந்தப் பரவலைச் சாத்தியமாக்கியது நாய். இனுயிட் மொழியில் நாய்க்குக் கிம்மிக் என்று பெயர். வண்டிக்குக் கமுத்திக்.

கமுத்திக் நீளமான இரண்டு சறுக்குக் கட்டைகளின் மேல் குறுக்குப் பலகைகளை வைத்துத் தோல்வாரால் கட்டிய வண்டி. ஆணி கிடையாது. ஆணி அடித்த வண்டி கரடுமுரடான பனிக்கட்டியில் மோதினால் உடைந்துபோகும். கட்டிய வண்டி நெளிந்து கொடுக்கும். சறுக்குக் கட்டையின் அடியில் சேற்றைப் பூசி உறைய விடுவார்கள். அதன்மேல் வாயில் வைத்துச் சூடாக்கிய தண்ணீரைத் தூவி, கரடித் தோலால் தேய்த்து, மெல்லிய பனிக்கட்டிப் பூச்சு ஒன்றை உண்டாக்குவார்கள். பனிக்கட்டியின் மேல் பனிக்கட்டி வழுக்கிக்கொண்டு போகும்.

நாய்களைப் பூட்டும் முறையும் நிலத்தைப் பொறுத்தது. அலாஸ்காவின் காட்டுப் பாதைகளில் ஒரே நீளக் கயிற்றில் இரண்டிரண்டாகப் பூட்டுவார்கள். மரமில்லாத கிழக்கு ஆர்க்டிக்கில் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனி வார். ஓடும்போது நாய்கள் விசிறிபோல விரிந்துகொள்ளும். மெல்லிய பனிக்கட்டி உடைந்தால் ஒரு நாய் மட்டும் தண்ணீரில் விழும், மற்றவை தப்பும். முன்னால் ஓடும் நாய்க்கு மட்டும் வார் நீளம். வழிகாட்டும் அந்த நாய்தான் கூட்டத்திலேயே முரடன் என்று நினைத்துவிட வேண்டாம். மற்ற நாய்களை அடக்கி ஆளும் தலைவன் பெரும்பாலும் வேறு. எஜமானின் குரலைப் புரிந்துகொள்ளும் நாய் முன்னால் ஓடும்; பலசாலி பின்னால் இருந்து ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும்.

நாயின் வேலை இழுப்பதோடு முடிவதில்லை. கடல் உறைந்திருக்கும் காலத்தில் சீல்கள் மூச்சுவிடப் பனிக்கட்டியில் சிறு துளைகளை வைத்திருக்கும். பனி மூடிக் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துளையை நாய் மோப்பத்தால் காட்டிக்கொடுக்கும். வெண்கரடியைச் சூழ்ந்துகொண்டு வேட்டைக்காரன் வந்து சேரும்வரை நகரவிடாமல் வைக்கும். பனிப்புயலில் எதிரே எதுவும் தெரியாதபோது வீடு போய்ச் சேரும் வழி அதற்குத் தெரியும். கோடையில் பனி உருகினால் முதுகில் மூட்டை சுமக்கும். அதற்குத் தீனி, வேட்டையில் கிடைத்த சீல், வால்ரஸ் இறைச்சி. நாய் இல்லாமல் வேட்டை இல்லை. வேட்டை இல்லாமல் நாய்க்குத் தீனி இல்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. வண்டியில் பூட்டாத நேரத்தில் அந்த நாய்கள் பெரும்பாலும் அவிழ்த்துவிடப்பட்டே இருந்தன. ஓடித் திரிந்தால்தான் உடம்பு கெட்டிப்படும், குட்டிகள் ஒன்றோடொன்று பழகும், கூட்டத்துக்குள் யாருக்கு யார் அடக்கம் என்பது தீர்மானமாகும். சங்கிலியில் கட்டிய நாய் மூர்க்கமாகும், இழுக்கவும் லாயக்கற்றுப்போகும் என்பது இனுயிட் முதியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன விஷயம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

தங்கம் தேடி வந்தவர்களின் நாய்

தமிழில் படிப்பவர்களுக்குப் பனிநாட்டு நாய் அறிமுகமானது பெரும்பாலும் ஜாக் லண்டன் வழியாகத்தான். 1903இல் வந்த அவருடைய நாவலைப் பெ. தூரன் 'கானகத்தின் குரல்' என்ற பெயரில் தமிழாக்கினார். கலிபோர்னியாவில் ஒரு பண்ணை வீட்டில் சொகுசாக வளர்ந்த பக் என்ற நாய் திருடப்பட்டு, வடக்கே விற்கப்பட்டு, வண்டி இழுத்து, கடைசியில் ஓநாய்களோடு சேர்ந்துவிடும் கதை. தோட்டத்தில் நாய்களோடு வளர்ந்த பையன் எவனும் அதைக் கீழே வைக்க மாட்டான். நானும் வைக்கவில்லை.

கதைக்குப் பின்னால் இருந்த வரலாறு இது. 1896 ஆகஸ்டில் கனடாவின் யூக்கான் பகுதியில், குளோண்டைக் ஆற்றுக் கிளையொன்றில் தங்கம் கிடைத்தது. கண்டெடுத்த குழுவில் முக்கியமானவர் கெயிஷ் என்ற தகிஷ் பழங்குடி மனிதர். செய்தி பரவியதும் ஒரு லட்சம் பேர் அளவில் வடக்கே கிளம்பினார்கள். அதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. ஆளுக்கு ஓராண்டுக்கான உணவுப் பொருளோடு வந்தால்தான் கனடியக் காவல்படை உள்ளே விட்டது. மூட்டை சுமக்க நாய் தேவைப்பட்டது. தெற்கில் கனமான நாய் எதற்கும் விலை ஏறியது, திருட்டும் நடந்தது. 21 வயது ஜாக் லண்டன் 1897இல் போய், ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்து, உடம்பில் ஸ்கர்வி நோயோடும் பை நிறையக் கதைகளோடும் அடுத்த ஆண்டு திரும்பினார். அங்கே அவர் பழகிய பாண்ட் சகோதரர்களின் நாய்தான் பக்குக்கு மாதிரி.

நாவலின் கடைசிப் பகுதியில் யீஹாட் என்றொரு பழங்குடி வருகிறது. பக்கின் அன்புக்குரிய எஜமானைக் கொல்கிறவர்கள் அவர்கள்; பக் பழி தீர்த்துக்கொள்கிறது. யீஹாட் என்று ஓர் இனமே கிடையாது. அது ஜாக் லண்டனின் கற்பனை. குளோண்டைக் ஆறு யூக்கானில் கலக்கும் இடத்தில் உண்மையாகவே வாழ்ந்தவர்கள் ஹான் மக்கள். சால்மன் மீன் பிடிக்கும் அந்த இடம் தங்க வேட்டைக்காரர்களால் நிரம்பியதும், ஐசக் என்ற அவர்களுடைய தலைவர் தம் மக்களை ஆற்றின் கீழ்ப்பக்கம் மூஸ்ஹைட் என்ற இடத்துக்குக் கூட்டிப் போனார். வந்தவனின் நாய் திருடப்பட்டது உலகம் படித்த நாவலாயிற்று. இருந்தவனின் ஊர் போனது வெகுகாலத்துக்கு உள்ளூர்ச் செய்தியாகவே கிடந்தது.

இதே கணக்கு 1925இலும் நடந்தது. அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியது. மருத்துவர் கர்ட்டிஸ் வெல்ச்சிடம் இருந்த மருந்து காலாவதியாகியிருந்தது. ரயில் நெனானாவோடு நின்றுவிடும். அங்கிருந்து நோம் வரை 1,085 கிலோமீட்டர். 20 வண்டிக்காரர்களும் 150 நாய்கள் அளவிலும் கைமாற்றிக் கைமாற்றி ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கடைசிக் கட்டத்தை ஓட்டிய கன்னர் காசெனின் முன்னோடி நாய் பால்டோவுக்கு அதே ஆண்டு நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கில் சிலை எழுந்தது. மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியை ஓடியது லியன்ஹார்ட் செப்பாலாவின் டோகோ. அதற்குரிய பெயர் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் கிடைத்தது.

ஆனால் அந்த 20 பேரில் பெரும்பாலோர் அதபாஸ்கன், இனுபியாக் முதலான பழங்குடியினர். தபால் வண்டி ஓட்டிப் பிழைத்தவர்கள். சார்லி எவன்ஸ் என்பவர் தம் இரண்டு நாய்களைக் குளிருக்குப் பறிகொடுத்து, தாமே வண்டியை இழுத்துக்கொண்டு போனார். நோமுக்குள் நுழைந்த பால்டோவைத் தெரிந்த அளவுக்கு இவரை யாருக்கும் தெரியாது. வடக்கின் நாய் வண்டி உலகத்துக்கு ஒரு சாகசம். அங்கே பிறந்தவர்களுக்கு அது தினசரி வேலை. சாகசத்தை எழுத ஆள் வருவார்கள். தினசரி வேலையை யார் எழுதுவார்கள்? பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகளான நமக்கு இது புதிய கேள்வியே இல்லை.

ஊரில் அமர்த்தப்பட்டவர்கள்

இரண்டாம் உலகப் போரின் காலத்தில்தான் கனடிய அரசு தன் வடக்கை உற்றுப் பார்க்கத் தொடங்கியது. இனுயிட் மக்களிடம் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் இல்லை. பெயர்களை எழுதுவது அதிகாரிகளுக்குச் சிரமமாக இருந்தது. 1941 முதல் ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த சிறு வில்லை ஒன்று தரப்பட்டது. அரசின் ஏட்டில் ஆளுக்குப் பதில் எண். செக்ரோலில் எண்ணாக இருந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியிருந்திருக்காது.

பிறகு பனிப்போர் வந்தது. ஆளில்லாத வடதீவுகள் தமக்கே சொந்தம் என்று காட்டக் கனடாவுக்கு அங்கே மனிதர்கள் வேண்டியிருந்தது. 1953இலும் 1955இலும் ஹட்சன் விரிகுடாக் கரையிலுள்ள இனுக்ஜுவாக்கிலிருந்து இனுயிட் குடும்பங்கள் சுமார் 2,000 கிலோமீட்டர் வடக்கே, ரெசொலூட், கிரைஸ் ஃபியார்டு என்ற இடங்களுக்குக் கப்பலில் கொண்டுபோகப்பட்டன. வேட்டை அதிகம், பிடிக்காவிட்டால் இரண்டாண்டில் திரும்பிவிடலாம் என்று சொன்னார்கள். அந்த வாக்குக் காப்பாற்றப்படவில்லை. போன இடத்தில் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சூரியனே உதிப்பதில்லை என்பதை அவர்கள் போய்த்தான் தெரிந்துகொண்டார்கள். இதற்கான மன்னிப்பு 2010இல் வந்தது.

மற்ற இடங்களில் கட்டாயம் இவ்வளவு வெளிப்படையாக இல்லை. பள்ளிக்கூடம், மருத்துவ நிலையம், குடும்ப உதவித்தொகை எல்லாம் கடை இருந்த இடத்தில், காவல் நிலையம் இருந்த இடத்தில் வந்தன. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால்தான் உதவித்தொகை. பிள்ளை அங்கே இருந்தால் தாய் அங்கே இருப்பாள். தாய் இருந்தால் தகப்பனும் வந்தாக வேண்டும். வேட்டைக்கு ஏற்றபடி இடம் மாறிக்கொண்டிருந்த சின்னச் சின்ன முகாம்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. சில குடும்பங்களின் நாய்கள் மட்டும் இருந்த இடத்தில் இப்போது பல குடும்பங்களின் நாய்கள், நூற்றுக்கணக்கில், ஒன்றை ஒன்று அறியாதவை.

நாய்களைக் கட்டிவைக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. அவிழ்ந்து திரியும் நாயைப் போலீஸ் சுடலாம். சட்டம் ஆங்கிலத்தில் இருந்தது. பல இடங்களில் அதை யாரும் இனுயிட் மொழியில் விளக்கவில்லை. சங்கிலி வாங்கக் காசும் இல்லை. தோல்வாரில் கட்டினால் நாய் கடித்துத் தின்றுவிடும். வேட்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோதே, கடைக்குள் சாமான் வாங்கிக்கொண்டிருந்தபோதே, வண்டியில் பூட்டியிருந்தபோதேகூட நாய்கள் சுடப்பட்டதாக முதியவர்கள் பின்னாளில் சாட்சியம் சொன்னார்கள்.

மறுபக்க நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். நாய்க்கூட்டங்களில் வெறிநோயும் டிஸ்டெம்பரும் பரவியது உண்மை. ஊருக்குள் குழந்தைகள் கடிபட்டதும் உண்மை. 1959இல் பொம்பார்டியரின் ஸ்கீ-டூ வண்டி சந்தைக்கு வந்தபின் தாமாகவே நாய்களைக் கைவிட்டவர்களும் உண்டு. கனடியப் போலீஸ் 2006இல் வெளியிட்ட தன் அறிக்கையில், திட்டமிட்ட ஒழிப்பு எதுவும் நடக்கவில்லை என்றே சொன்னது. 2010இல் இந்த விவகாரத்தைப் பற்றி வந்த ஓர் ஆவணப்படம், மோதும் இரண்டு உண்மைகள் என்ற பொருளில் தலைப்பு வைத்துக்கொண்டது. போலீஸ்காரனின் உண்மை, பொதுப் பாதுகாப்பு. வேட்டைக்காரனின் உண்மை, காலையில் எழுந்தபோது தன் கால்கள் இல்லாமல் போயிருந்தது.

ஸ்கீ-டூவை நாய்க்கு மாற்று என்பது தூரத்திலிருந்து பார்ப்பவர்களின் பேச்சு. அதற்குப் பெட்ரோல் வேண்டும், பெட்ரோலுக்குச் சம்பளம் வேண்டும், சம்பளத்துக்கு வேலை வேண்டும். மெல்லிய பனிக்கட்டியை அது மோப்பம் பிடிக்காது. நடுவழியில் நின்றுபோனால் வீட்டுக்கு வழி காட்டாது. நாய் போனதும் வேட்டை போனது. வேட்டை போனதும் உதவித்தொகையை எதிர்பார்த்து உட்கார வேண்டியதாயிற்று. தானே சம்பாதித்துத் தன் ஊரையே சாப்பிடவைத்த மனிதன் வரிசையில் நிற்பவனானான். குடி அதன் பிறகு வந்தது.

லாபிஸிலிருந்து பார்த்தால்

இதே 1950களில் எங்கள் பக்கத்தில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை இதன் அருகில் வைத்துப் பார்க்கிறேன். 1948 ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை வந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் சேதியும் போகாமல் தடுக்க ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டம் 1950 ஜூன் 1ஆம் தேதி ஜொகூரிலிருந்துதான் தொடங்கியது. காட்டோரத்தில் பயிர் செய்து வாழ்ந்த சீனக் குடும்பங்கள் முள்வேலி போட்ட புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டன. நாடு முழுவதும் ஐந்து லட்சம் பேருக்குக் குறையாது. லாபிஸைச் சுற்றி இன்றும் அத்தகைய புதுக்கிராமங்கள் இருக்கின்றன.

தமிழர்களின் கதை அதிகம் பேசப்படாதது. தோட்டங்களில் தீம்பாருக்குத் தீம்பார் சிதறிக் கிடந்த லயங்களை ஒன்றாகக் கூட்டி வேலி போட்டார்கள். கேட்டில் சோதனை, கட்டுச்சோறு கொண்டுபோகத் தடை, இருட்டினால் ஊரடங்கு. அரிசிக்கு ரேஷன். "ஒரு புடி சோறு மடியில இருந்தாலும் புடிச்சிக்கிட்டுப் போயிருவான்" என்று என் பெரியம்மா சொல்லுவார். வேலிக்கு வெளியே கால் வைக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு கணக்குச் சொல்ல வேண்டியிருந்த காலம்.

அதற்கு முன்பும் பின்பும் தோட்டத்து நாய் ஒரு தனிப் பிறவியாகவே இருந்தது. விடிவதற்கு முன், இருட்டில், நெற்றி விளக்கோடு கித்தா காட்டுக்குள் போகும் பெண்ணுக்கு முன்னால் அது போகும். பாம்பு கிடந்தால் நிற்கும். பன்றி இருந்தால் குரைக்கும். புலி பற்றிய பயம் ஜொகூர்க் காட்டோரத்தில் வெறும் கதை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆண்கள் ஈட்டியோடும் நாய்களோடும் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார்கள். கறி லயம் முழுவதற்கும் பங்காகும்; ஓடிய நாய்க்கும் பங்குண்டு. எந்த நாயும் கட்டப்பட்டிருக்காது. ஒரு வீட்டு அஞ்சடியில் படுக்கும், இன்னொரு வீட்டில் சோறு தின்னும். அவிழ்ந்து திரிகிறது என்பதற்காக அதைத் தெருநாய் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். லயத்துக்கே அது சொந்தம். வேட்டைக்குப் போகும் கறுப்பசாமியின் காலடியில்கூட நாயை வைத்துக் கும்பிட்ட சனங்கள் அல்லவா?

வேலி வந்தபின் வேட்டை நின்றது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். காட்டுப்பக்கம் நாயோடு போகிறவன் யாருக்குச் சோறு கொண்டுபோகிறான் என்று யார் கண்டார்கள்? 1952இல் கோலாலம்பூரில் வெறிநோய் பரவியபோது நாய்களுக்குக் கட்டாயத் தடுப்பூசியும் தெருநாய் ஒழிப்பும் நடந்தன. அங்கேயும் காரணம் பொய்யில்லை. எது தெருநாய் என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதுதான் கேள்வி.

எல்லோரையும்விட அதிகம் இழந்தவர்கள் ஓராங் அஸ்லி மக்கள். லாபிஸுக்குத் தெற்கே பெக்கோக் வழியாக உள்ளே போனால் எண்டாவ்-ரொம்பின் காட்டின் செலாய்ப் பகுதி வரும். அது ஜக்குன் பழங்குடியினரின் நிலம். காட்டு வேட்டையில் நாயைத் துணைக்கு வைத்திருக்கும் மக்கள். அவசரகாலத்தின் தொடக்கத்தில் தீபகற்பத்தின் பல இடங்களில் ஓராங் அஸ்லிகளைக் காட்டிலிருந்து வெளியேற்றி முகாம்களில் அடைத்தார்கள். வெயிலிலும் நோயிலும் ஏக்கத்திலும் பலர் செத்துப்போனார்கள். முகாம் முறை தோற்றுவிட்டது என்று அரசே உணர்ந்து, காட்டுக்குள்ளேயே கோட்டைகள் கட்டும் கொள்கைக்கு மாறியது. ஆர்க்டிக்கில் குடும்பங்களைக் கப்பலேற்றிய அதே 1953ஐ ஒட்டிய ஆண்டுகள் அவை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அங்கே போர் இல்லை. இங்கே துப்பாக்கிச் சத்தம் அன்றாடம். இனுயிட் மக்களுக்கு அது ஆயிரம் ஆண்டு நிலம். தோட்டத் தமிழனுக்கோ இரண்டு மூன்று தலைமுறை நிலம், அதுவும் துரையின் நிலம். நாய் எங்களுக்குச் சோறு போடவில்லை, காவல் காத்தது. ஆனாலும், ஓடித் திரிந்த மனிதர்களைக் கணக்கெடுக்கத் தோதாக ஓரிடத்தில் வைக்கும் யோசனை இரண்டு இடத்திலும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே ஆங்கிலத்தில் எழுதப்பட்டது.

எங்கள் நாய்களுக்கு முடிவு 1950களில் வரவில்லை. தோட்டங்கள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்ட 1980களிலும் 1990களிலும் வந்தது. பல்லாயிரம் குடும்பங்கள் லயத்தை விட்டு மலிவுவிலை அடுக்குமாடிகளுக்குப் போயின. மாடியில் நாய் வளர்க்க விடமாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் சமய உணர்வையும் மதிக்க வேண்டும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லோரியில் கட்டில் ஏறியது, அலமாரி ஏறியது, சாமி படம் ஏறியது. "கொஞ்ச தூரம் லோரி பின்னாடியே ஓடி வந்துச்சு. அப்புறம் நின்னுருச்சு" என்று பெரியம்மா ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தனியாக நின்றுபோன நாய்கள் அடுத்த மாதமே தெருநாய்களாயின. தெருநாய்க்கு என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கேட்கப்பட்ட கேள்வி

கங்கிக்சுயுவாக்கில் 2024இல் நடந்தது திடீரென்று வந்ததல்ல. நுனாவிக் இனுயிட் மக்களின் அமைப்பான மாகிவிக், ஊர் ஊராகப் போய் முதியவர்களின் சாட்சியங்களைத் திரட்டியது. 2004இல் அதை ஆவணப்படமாக்கியது. கேள்வி எளிமையானது: உங்கள் நாய்களுக்கு என்ன ஆனது? பதில்கள் சேரச் சேர, ஓய்வுபெற்ற நீதிபதி ஜான்-ஜாக் குரோத்தோ விசாரிக்க நியமிக்கப்பட்டார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்கள் கொல்லப்பட்டதாக 2010இல் அவர் அறிக்கை கொடுத்தார். 2011இல் கியூபெக் மாநில அரசு தன் பங்கை ஒப்புக்கொண்டு 30 லட்சம் டாலர் தந்தது. பக்கத்துப் பாஃபின் வட்டாரத்து இனுயிட் மக்கள் அரசுக்காகக் காத்திருக்காமல் 2007இல் தாங்களே கிகிக்தானி உண்மை ஆணையத்தை அமைத்தார்கள். அதன் அறிக்கை 2010இல் வந்தது. அதை ஏற்று மத்திய அரசு 2019 ஆகஸ்டில் இக்கலூயிட்டில் மன்னிப்புக் கேட்டது. நுனாவிக்கின் முறை அதற்கும் ஐந்தாண்டு கழித்து வந்தது. நாய்களை இழந்தவர்களில் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள்.

நாய்களும் கொஞ்சம் திரும்பியிருக்கின்றன. 1970களில் கலப்பில்லாத இனுயிட் நாய்கள் சில நூறுகூட மிஞ்சியிருக்கவில்லை. யெல்லோநைஃபில் சிலர் அவற்றைத் தேடிச் சேர்த்து இனப்பெருக்கம் செய்தார்கள். 2000இல் நுனாவுட் அந்த நாயைத் தன் ஆட்சிப்பகுதியின் விலங்காக அறிவித்தது. 2001 முதல் நுனாவிக்கில் இவாக்காக் என்ற நாய் வண்டிப் பந்தயம் நடக்கிறது. தாத்தாவின் நாய்கள் சுடப்பட்ட ஊரில் பேரன் வார் கட்டப் பழகுகிறான். 2024இல் அறிவிக்கப்பட்ட பணத்தில் ஒரு பகுதியும் இதற்குத்தான்.

கரி ஆனந்தசங்கரி அங்கே நின்றதில் நமக்குப் பெருமை இருந்தால் இருக்கட்டும். வீட்டை விட்டு ஓடிய ஒரு சமூகத்தின் பிள்ளை, வீடு மாற்றப்பட்ட இன்னொரு சமூகத்தின் முன் அரசின் குரலாக நின்றார் என்பது சாதாரண விஷயமில்லை. ஆனால் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது மேடையில் நின்றவரிடமிருந்தல்ல, கீழே உட்கார்ந்திருந்தவர்களிடமிருந்து. நாய் என்றால் உலகம் சிரிக்கும் என்று அவர்கள் வெட்கப்படவில்லை. எந்த வருஷம், எந்த இடம், எத்தனை நாய், சுட்டவன் என்ன சீருடை போட்டிருந்தான் என்று சொன்னார்கள். எழுதிவைத்தார்கள். அந்தச் சின்ன விவரங்கள்தான் கடைசியில் ஓர் அரசை எழுந்து நிற்க வைத்தன.

நம் தோட்ட வரலாற்றில் கூலி, வேலைநிறுத்தம், தமிழ்ப்பள்ளி, கோயில் பற்றி ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. லயத்தைக் காலிசெய்த நாளைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. அந்த நாளில் பெரியவர்களாக இருந்தவர்களுக்கு இப்போது எழுபதும் எண்பதும் ஆகிறது. "தோட்டத்துல வாழ்க்கை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால், "என்னத்தச் சொல்றது, கஷ்டந்தான்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நாயைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அதன் பெயர் வரும், நிறம் வரும், அது எந்தத் தீம்பாரில் பன்றியை மடக்கியது என்பது வரும். பிறகு லோரி வந்த தேதி வரும், யார் கையெழுத்துப் போட்ட கடிதம் என்பது வரும், வாக்குக் கொடுத்த வீடு கிடைத்ததா இல்லையா என்பதும் வரும். கேட்பதற்கு இன்னும் கொஞ்ச காலம்தான் மிச்சமிருக்கிறது.